ஜிம் ஹேக்கர் எப்படிப் பிரதமரானார்? பிரிட்டன் ஆட்சிமுறைக்கு ஓர் எளிய அறிமுகம்

தேர்தல் முடிவு வந்துவிட்டது. எதிர்க்கட்சியாக இருந்த கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது. பர்மிங்ஹாம் கிழக்குத் தொகுதியில் மறுபடியும் ஜெயித்த ஜிம் ஹேக்கர், வீட்டில் தொலைபேசியின் பக்கத்தை விட்டு நகர மறுக்கிறார். மணி அடிக்கிறது, பாய்ந்து எடுக்கிறார். அவர் எதிர்பார்த்த ஆள் இல்லை. புதிய பிரதமர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இலாகா ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்த இலாகா, எதுவுமே ஹேக்கருக்குத் தெரியாது.

பிபிசி 1980 பிப்ரவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய 'எஸ் மினிஸ்டர்' தொடரில் அவரை நாம் முதலில் சந்திப்பது இந்தத் தவிப்பில்தான். 1984 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில் அவர் பிரதமராகிறார். 1986 முதல் 1988 வரை 'எஸ் பிரைம் மினிஸ்டர்' என்ற பெயரில் தொடர்ந்து வந்த கதையில், பிரதமரின் இல்லம் உள்ள டவுனிங் தெருவில் இருந்து ஆட்சி செய்கிறார். எல்லாம் சேர்த்து 38 பகுதிகள். எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜோனத்தன் லின். ஹேக்கராக நடித்தவர் பால் எடிங்டன்.

நாடாளுமன்ற ஆட்சிமுறை எப்படி நடக்கிறது என்று யாராவது புதிதாகக் கேட்டால், நான் பாடப்புத்தகத்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன். இந்தக் கற்பனை மனிதரின் பதவிப் பயணத்தைத்தான் சொல்வேன். நகைச்சுவைத் தொடர்தான். ஆனால் ஹெரால்ட் வில்சன் பிரதமராக இருந்தபோது அவருக்கு நெருக்கமாக வேலை பார்த்த மார்சியா வில்லியம்ஸ், பெர்னார்ட் டோனஹ்யூ இருவரும் எழுத்தாளர்களுக்கு உள்ளே நடப்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் எழுதிய நாட்குறிப்பும் அவர்களுக்குக் கைகொடுத்தது. மார்கரெட் தாட்சர் இந்தத் தொடரின் தீவிர ரசிகர். பிரதமராக இருந்துகொண்டே, 1984 ஜனவரியில் ஒரு விருது விழாவில் இதே நடிகர்களோடு சேர்ந்து ஒரு சிறு நாடகத்தில் நடித்தார். உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்ற கற்பனை இது.

ஹேக்கரின் கட்சி எது என்று தொடர் கடைசி வரை சொல்லவே இல்லை. அது நல்லதாகப் போயிற்று. கட்சியை மறந்துவிட்டு, பதவி என்ற பொருளை மட்டும் உற்றுப் பார்க்க முடிகிறது.

முதலில் அடிப்படை

பிரிட்டனில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்குச்சீட்டில் பிரதமர் என்று ஒரு பதவியே இருக்காது. ஒவ்வொரு தொகுதி மக்களும் தங்கள் எம்.பி.யை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்படி 650 பேர் சேர்ந்தது காமன்ஸ் சபை. இந்தச் சபையின் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு இருக்கும் என்று தெரிகிறதோ, அவரை அரசர் (ஹேக்கர் காலத்தில் அரசி) அரண்மனைக்கு அழைத்து அரசாங்கம் அமைக்கச் சொல்கிறார். பெரும்பாலும் அது அதிக இடம் பிடித்த கட்சியின் தலைவராக இருக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே வருகிறது. பாதியில் கட்சி தன் தலைவரை மாற்றிக்கொண்டால், பொதுத்தேர்தல் இல்லாமலே நாட்டின் பிரதமரும் மாறிவிடுவார். ஜேம்ஸ் கலஹன் 1976-இலும், ஜான் மேஜர் 1990-இலும், கார்டன் பிரவுன் 2007-இலும், தெரசா மே 2016-இலும் அப்படித்தான் வந்தார்கள். லிஸ் டிரஸ் 2022 செப்டம்பரில் பிரதமரானது கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் சுமார் 81,000 பேர் போட்ட ஓட்டில். 49 நாளில் அவர் போனார். அடுத்து வந்த ரிஷி சுனக்குக்கு அந்த ஓட்டும் தேவைப்படவில்லை, எதிர்த்து நிற்க ஆள் இல்லை. ஹேக்கர் வந்த வழியும் இதுதான். அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம். முதலில் அவர் அமைச்சரான கதை.

நிழலில் இருந்து நாற்காலிக்கு

பிரிட்டனில் எதிர்க்கட்சி சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிராக ஒருவரை நியமித்து 'நிழல் அமைச்சரவை' நடத்துகிறது. நாளைக்கு ஆட்சிக்கு வந்தால் இன்னார் இந்தத் துறையைப் பார்ப்பார் என்று மக்களும் ஓரளவு ஊகிக்கலாம். ஹேக்கர் எதிர்க்கட்சியில் வேளாண்மைக்கு நிழல் அமைச்சர். அதற்கு முன் பத்திரிகை ஆசிரியர். ஆகவே வேளாண்மை கிடைக்கலாம், அதைவிடப் பெரியதாக வேறு ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கலாம்.

கிடைத்ததோ நிர்வாக விவகாரத் துறை. இது தொடருக்காகவே உருவாக்கிய துறை, உண்மையில் கிடையாது. அதில் போனவர்களின் அரசியல் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும் என்பது பேச்சு. ஹேக்கருக்கு இது ஏன் வந்தது? கட்சித் தலைவர் போட்டியில் அவர் எதிரணி வேட்பாளருக்குப் பிரசாரம் செய்தவர். ஜெயித்தவர் அதை மறக்கவில்லை. வெளியே விடவும் முடியாது, வளரவிடவும் மனசில்லை. இலாகா ஒதுக்குவது என்பது திறமையைப் பார்த்து மட்டும் நடப்பதல்ல. நன்றிக்கடன், பழைய பகை, யாரைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. பிரதமரின் கையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம் இந்த நியமன அதிகாரம்தான். அது தன் மேல் பாய்ந்தபோதுதான் ஹேக்கருக்கு அது என்னவென்று புரிந்தது. பின்னால் அவரே அதை எடுத்து வீசுவார்.

முதல் நாள் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே காத்திருப்பவர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி, துறையின் நிரந்தரச் செயலாளர். நடித்தவர் நைஜல் ஹாதார்ன். பக்கத்தில் பெர்னார்ட் வூலி, அமைச்சரின் தனிச் செயலாளர். அந்தச் செயலாளருக்கு ஒரு செயலாளர், இந்தச் செயலாளருக்குக் கீழே ஓர் இணைச் செயலாளர், அப்புறம் துணைச் செயலாளர்கள் என்று ஹம்ஃப்ரி அடுக்கிக்கொண்டே போகிறார். இவர்களில் யாருக்காவது டைப் அடிக்கத் தெரியுமா என்று ஹேக்கர் கேட்கிறார். யாருக்கும் தெரியாது. அதற்கென்று வேறொருவர் இருக்கிறார்.

இந்த 'நிரந்தர' என்ற சொல்லில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அமைச்சர் இன்றைக்கு இருப்பார், நாளைக்குப் போய்விடுவார். தேர்தலில் தோற்கலாம், துறை மாற்றப்படலாம், ராஜினாமா செய்யலாம். செயலாளர் அப்படியே இருப்பார். பிரிட்டனின் இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டது 1854-இல் வந்த நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை. சிபாரிசில் ஆள் சேர்ப்பதை நிறுத்தி, தேர்வு வைத்து, தகுதி பார்த்து எடுக்க வேண்டும் என்று அது சொன்னது. அப்படி வந்த அதிகாரிகள் எந்தக் கட்சி வந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. இது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கீழ் வரை ஆளை மாற்றினால் எந்த வேலையும் ஓடாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. துறையில் 25 வருடம் இருந்தவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட நேற்று வந்த அமைச்சருக்குத் தெரியாது. எந்தக் கோப்பு எப்போது மேசைக்கு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் செயலாளர். அமைச்சர் முடிவெடுக்கிறார், சரி. எதைப் பற்றி முடிவெடுப்பது என்பதை அவருக்கு முன்பே வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார்.

முதல் பகுதியிலேயே இதை அழகாகக் காட்டுகிறார்கள். ஹேக்கர் ஒளிவுமறைவற்ற அரசாங்கம் என்று முழங்கிக்கொண்டு வருகிறார். ஹம்ஃப்ரி மறுப்புச் சொல்லவில்லை. அதற்கான திட்ட வரைவு ஏற்கெனவே தயார் என்று எடுத்து வைக்கிறார். இதில் கற்பனை குறைவு. தேர்தலுக்கு முன்பே எதிர்க்கட்சியினர் அதிகாரிகளைச் சந்தித்துத் தங்கள் திட்டங்களைப் பேசலாம் என்ற வழக்கம் 1964 முதல் உண்மையிலேயே இருக்கிறது. அன்றைய பிரதமர் பெயரில் அதை டக்ளஸ்-ஹோம் விதிகள் என்கிறார்கள். ஆகவே யார் ஜெயித்தாலும் புதிய அமைச்சருக்கு மேசையில் ஒரு கட்டுக் காகிதம் காத்திருக்கும்.

சில நாளில் ஒரு கொள்முதல் ஆணை ஹேக்கர் கண்ணில் படுகிறது. உள்நாட்டுத் தயாரிப்பை விட்டுவிட்டு அமெரிக்காவில் இருந்து கணினித் திரைகள் வாங்க ஆணை. ஒளிவுமறைவின்மைக்கு நல்ல உதாரணம் என்று மேடையில் போட்டு உடைக்கத் துடிக்கிறார். அதே நேரத்தில் பிரதமர் அமெரிக்காவோடு ஒரு வர்த்தக ஒப்பந்தத்துக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு வெளியே போனால் ஹேக்கரின் பதவி போய்விடும். கடைசி நேரத்தில் ஹம்ஃப்ரி காப்பாற்றுகிறார்: விதிப்படி அனுமதி வாங்க வேண்டியிருந்ததால் அறிக்கை பத்திரிகைகளுக்குப் போகவே இல்லை. ஹேக்கர் நன்றியோடு தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பில் வெளிப்படையான அரசாங்கம் என்ற கொள்கை அன்றே முடங்கிப் போகிறது. ஆணையை அவர் கண்ணில் படவைத்ததே யார் என்பது பார்ப்பவர்களுக்கு விளங்கிவிடும்.

அமைச்சராக ஹேக்கர் செய்தது நிறைய இல்லை. ஜெயித்ததைவிட மசிந்ததுதான் அதிகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1981-இல் வந்த ஒரு பகுதியில், புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையில் நிர்வாக ஊழியர் 500 பேர் இருக்கிறார்கள், நோயாளி ஒருவர்கூட இல்லை. ஹேக்கர் கொதிக்கிறார். ஹம்ஃப்ரிக்கு அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. சம்பளப் பட்டியல், பராமரிப்பு, திட்டமிடல் என்று 500 பேரும் உண்மையாகவே வேலை செய்கிறார்களே! ஒரு நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதை மறந்துவிட்டு, தன்னை நடத்திக்கொள்வதையே வேலையாக வைத்துக்கொள்வதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

பிரதமர் நாற்காலி காலியாகிறது

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி. உள்துறை அமைச்சர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொள்கிறார். குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்ற பிரசாரத்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். ராஜினாமா. உடனே பிரதமரும் ஓய்வை அறிவிக்கிறார். உள்துறை அமைச்சர் தனக்கு அடுத்து வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதுவரை நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஆள் விழுந்துவிட்டார், இனி நிம்மதியாகப் போகலாம்.

களத்தில் மிச்சம் இருவர். நிதியமைச்சர் எரிக், வெளியுறவு அமைச்சர் டங்கன். கட்சியின் இரண்டு முனைகளில் நிற்பவர்கள். யார் வந்தாலும் கட்சி பாதியாகப் பிளக்கும். ஹம்ஃப்ரி இதற்குள் கேபினட் செயலாளர் பதவிக்குத் தேர்வாகிவிட்டார். அரசு ஊழியர்களில் அதற்கு மேல் பதவி கிடையாது. உண்மையில் இந்தப் பதவி 1916-இல் மாரிஸ் ஹேங்கியோடு தொடங்கியது. கேபினட் கூட்டத்தில் என்ன முடிவானது என்று எழுதி வைப்பது அவர் வேலை. எழுதி வைத்ததுதான் முடிவு என்பதால், அது சாதாரண வேலை அல்ல.

ஓய்வு பெறப்போகும் கேபினட் செயலாளரும் ஹம்ஃப்ரியும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்த இருவருமே வேண்டாம், நடுவில் ஓர் ஆள் வேண்டும். எல்லோருக்கும் பிடித்தவராக, பிடிவாதம் இல்லாதவராக, எதையும் தலைகீழாக மாற்றும் வேகம் இல்லாதவராக, சொன்னால் கேட்பவராக. ஹேக்கரின் பெயரை அவர்கள் வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் காய்கள் வேகமாக நகர்கின்றன. கட்சியின் சேர்மன் (கட்சி அமைப்பை நிர்வகிப்பவர், தலைவர் வேறு) பொறுப்பில் இருப்பதால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, இரு வேட்பாளர்களைப் பற்றிய ரகசியக் கோப்புகள் ஹேக்கர் கையில் வைக்கப்படுகின்றன. ஒருவருக்குப் பணத்தில் பிசகு, இன்னொருவருக்குப் பெண்கள் விஷயத்தில். ஹேக்கர் இருவரையும் தனித்தனியாகச் சந்திக்கிறார். மிரட்டவில்லை. விஷயம் தெரியும் என்பதை மட்டும் உணர்த்துகிறார். இருவரும் விலகிக்கொள்கிறார்கள்.

ஆனால் மக்களுக்குத் தெரிந்த முகமாகவும் இருக்க வேண்டுமே? அதற்கு ஒரு தொத்திறைச்சிப் பிரச்சினை வருகிறது. ஐரோப்பிய சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) தர விதிகளால் 'பிரிட்டிஷ் சாஸேஜ்' என்ற பெயரையே மாற்ற வேண்டிவரும் என்ற பேச்சு. பிரஸ்ஸல்ஸ் ஆணையர் நண்பர்தான், சமாதானமாகத் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிரச்சினையில் ஓட்டு இல்லை. எனவே ஹேக்கர் அது தீராதது போலப் பேசுகிறார். பிரிட்டிஷ் சாஸேஜுக்கு ஆபத்து, விடமாட்டேன் என்று மேடையில் உணர்ச்சி பொங்கப் பேசி நாடு முழுக்க நாயகனாகிறார். இல்லாத எதிரியோடு போட்ட சண்டை அது. போட்டியின்றிப் பிரதமர். செய்தி வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல், நெப்போலியன் படத்தில் நிற்பது போலக் கையைக் கோட்டுக்குள் செருகிக்கொள்கிறார்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று தோன்றலாம். கோப்புகளும் சாஸேஜும் நாடகம். 'யாருக்கும் எதிரியாக இல்லாதவர் முந்துவது' மட்டும் நாடகம் அல்ல. ஜான் மேஜரைப் பாருங்கள். 1987-இல்தான் கேபினட்டில் நுழைந்தார். வெளியுறவு அமைச்சராக இருந்தது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். பிறகு ஓராண்டு நிதி. 1990 நவம்பரில் தாட்சர் விழுந்ததும், முன்னணித் தலைவர் ஹெசல்டைனை ஏற்க முடியாத பாதிக் கட்சி மேஜர் பக்கம் சாய்ந்தது. எம்.பி.க்கள் ஓட்டில் அவருக்கு 185. தேவைக்கு இரண்டு குறைவு, ஆனாலும் மற்ற இருவரும் விலகிவிட்டார்கள். ஹேக்கர் கதை வந்து ஆறு வருடம் கழித்து நடந்தது இது.

அதற்கு முன் நிலைமை இன்னும் வினோதமாக இருந்தது. 1963-இல் ஹெரால்ட் மேக்மில்லன் பதவி விலகியபோது, கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலே கிடையாது. பெரியவர்கள் கலந்து பேசி, ஒரு பெயர் 'எழும்பி வரும்'. எழும்பி வந்தவர் ஹோம் பிரபு. மக்கள் தேர்ந்தெடுக்காத மேல்சபையான பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு பிரதமராக நீடிப்பது சரிப்படாது என்பதால் பட்டத்தைத் துறந்தார், ஓர் இடைத்தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு வாரம் பிரிட்டனின் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. 1965 முதல்தான் அந்தக் கட்சியில் எம்.பி.க்கள் ஓட்டுப் போடத் தொடங்கினார்கள்.

பத்தாம் எண் வீட்டின் கதவு

சட்டம் தடுக்கவில்லை என்றேன். பிரதமர் பதவியைப் புரிந்துகொள்ள அதுதான் திறவுகோல். இந்தப் பதவியைத் தோற்றுவித்த சட்டம் என்று ஒன்று பிரிட்டனில் இல்லை. ராபர்ட் வால்போல் 1721-இல் கருவூலத்தின் முதல் பிரபுவாக வந்து, நாளடைவில் எல்லா அமைச்சர்களையும்விடப் பெரியவரானார். பிறகு வந்தவர்களும் அப்படியே. சட்டத்தில் பிரதமர் என்ற சொல் முதலில் இடம்பெற்றது 1917-இல், அதுவும் செக்கர்ஸ் என்ற கிராமத்து மாளிகையை அவர் பயன்படுத்தலாம் என்று சொல்வதற்காக! இன்றைக்கும் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டுக் கதவில் உள்ள பித்தளைத் தபால் வாயிலைப் பாருங்கள். அதில் பொறித்திருப்பது பிரதமர் என்றல்ல, கருவூலத்தின் முதல் பிரபு என்று.

அந்தக் கதவுக்கு வெளியே சாவித்துளை கிடையாது. உள்ளே இருப்பவர்தான் திறந்துவிட வேண்டும். நாட்டையே ஆளும் பிரதமரும் தன் வீட்டு வாசலை ஒரு சாவி போட்டுத் திறந்து உள்ளே போக முடியாது.

1986-இல் வந்த ஒரு பகுதியின் கதையே ஒரு சாவியைப் பற்றியது. பத்தாம் எண் வீட்டுக்கும் பக்கத்தில் உள்ள கேபினட் அலுவலகத்துக்கும் நடுவே ஓர் உள்கதவு உண்டு. உண்மையிலும் உண்டு. ஹம்ஃப்ரியிடம் அதற்குச் சாவி இருக்கிறது. நினைத்த நேரத்தில் வருகிறார், போகிறார். ஹேக்கரின் அரசியல் ஆலோசகர் டொரோத்தி வெயின்ரைட்டை, முகத்துக்கு நேராகப் பேசுகிறவர் என்பதால், கேபினட் அறைக்குப் பக்கத்தில் இருந்து வீட்டின் மூலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். டொரோத்தி வந்து ஹேக்கரிடம் விளக்குகிறார்: என் பழைய அறையில் இருந்தால் யார் உங்களைப் பார்க்க வருகிறார்கள், யார் யாரோடு கிசுகிசுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மூலையில் இருந்தால் எதுவும் தெரியாது.

ஹேக்கர் முதல்முறையாக விழித்துக்கொள்கிறார். அறையைத் திருப்பிக் கொடுக்கிறார், ஹம்ஃப்ரியின் சாவியைப் பறிக்கிறார். முன் அனுமதி இல்லாமல் அவரை உள்ளே விடாதே என்று பெர்னார்டுக்கு உத்தரவு. ஹம்ஃப்ரி கதவைத் தட்டுகிறார், போன் போடுகிறார், கடைசியில் சுவர் ஏறி ஜன்னல் வழியாக வர, அபாயமணி அலறுகிறது. வயிறு வலிக்கச் சிரித்த காட்சி. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று உறைத்தது. பிரதமரை எதிர்த்து யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. அவரை யார் சந்திக்கிறார், எந்தக் காகிதம் அவர் கைக்கு வருகிறது, எந்த அறை அவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். ஹேக்கர் பதவிக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு. அதிகாரத்துக்கு வந்தது அந்தச் சாவி கைமாறிய அன்று.

இதற்கு நேர்மாறானது அணு ஆயுதம் பற்றிய பகுதி. 'எஸ் பிரைம் மினிஸ்டர்' தொடங்குவதே அதில்தான். யாரும் குறுக்கே நிற்காத ஒரே அதிகாரம் அவருக்கு அங்கே கிடைக்கிறது. ஏவச் சொல்லும் முடிவு அவர் ஒருவருடையது. அறிவியல் ஆலோசகர் அவரை உட்கார வைத்துக் கேட்கிறார்: எப்போது பொத்தானை அமுக்குவீர்கள்? ரஷ்யா படையெடுத்தால் என்கிறார் ஹேக்கர். படையெடுக்க மாட்டார்கள் என்கிறார் ஆலோசகர், மேற்கு பெர்லினில் ஒரு கலவரம், தீயணைக்கக் கிழக்கு ஜெர்மனியில் இருந்து எல்லை தாண்டி வண்டி வரும், கூட காவலர்கள் வருவார்கள், பிறகு ராணுவம் வரும். இதில் எந்த இடத்தில்? இந்த இடத்திலா? ஹேக்கரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு அடியும் போருக்குப் போதாத சின்ன அடி. முழு அதிகாரம் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தும் தருணம் என்று ஒன்று வராமலே போகலாம் என்பதை அந்த ஒரு உரையாடலில் காட்டிவிடுகிறார்கள். நிஜத்தில் பதவியேற்கும் ஒவ்வொரு பிரிட்டிஷ் பிரதமரும் நீர்மூழ்கிக் கப்பல் தளபதிகளுக்குத் தம் கையால் கடிதம் எழுதி வைக்க வேண்டும்: நாடு அழிந்து நானும் இல்லாமல் போனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. அவர் பதவியை விட்டுப் போகும்போது கடிதங்கள் பிரிக்கப்படாமலே அழிக்கப்படும்.

சரி, ஹேக்கர் எப்போதாவது ஜெயித்தாரா? ஜெயித்தார், நியமன அதிகாரத்தைக் கையில் எடுத்தபோது. மருத்துவரான ஓர் இளைய அமைச்சர் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்து வரியையும் ஏற்ற வேண்டும் என்கிறார். அதே சமயம் ஹேக்கர் 150 கோடி பவுண்டு வரிக்குறைப்பு கேட்கிறார், கருவூலம் இறங்கி வரவில்லை. புகையிலை வரி போனால் கருவூலத்துக்குப் பெரிய ஓட்டை. ஆகவே ஹேக்கர் மருத்துவரை ஊக்கி விடுகிறார். கருவூலம் பயந்து வரிக்குறைப்புக்குச் சம்மதிக்கிறது. அப்புறம்? மருத்துவருக்குக் கருவூலத்திலேயே ஒரு பதவி உயர்வு, அவர் இடத்துக்குப் புகையிலைக்கு வேண்டிய ஓர் ஆள். ஹேக்கருக்கு வேண்டியது கிடைத்தது. தடை வரவில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு ஹேக்கர் மேல் கோபம்தான் வரும். வெற்றி பெறக் கற்றுக்கொண்ட அதே நாளில், எதற்காக வெற்றி என்பதை அவர் விட்டுவிட்டார்.

கருத்துக்கணிப்புக் காட்சியையும் சொல்லாமல் விட முடியாது. கட்டாய ராணுவப் பயிற்சிக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது என்று ஹேக்கரிடம் ஒரு கணிப்பு இருக்கிறது. ஹம்ஃப்ரி பெர்னார்டை நிற்க வைத்துக் கேட்கிறார்: இளைஞர்களிடம் குற்றம் பெருகுவது கவலையா? ஒழுக்கம் குறைகிறதா? அவர்களுக்கு வழிகாட்டல் வேண்டாமா? அப்படியென்றால் கட்டாயப் பயிற்சி வேண்டுமா? பெர்னார்ட் ஆமாம் என்கிறார். உடனே வேறு வரிசை: போர் வந்துவிடுமோ என்று பயமா? பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுப்பது ஆபத்தில்லையா? விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தலாமா? அப்படியென்றால் கட்டாயப் பயிற்சி கூடாது அல்லவா? அதற்கும் பெர்னார்ட் ஆமாம். ஒரே மனிதர், ஒரே நிமிடம். நாற்பது வருடமாகியும் கருத்துக்கணிப்பு எதைப் படித்தாலும் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று நான் தேடுவது இந்தக் காட்சியால்தான்.

போகும் வழி

நாடாளுமன்ற முறையில் வருவதற்கு என்ன வழியோ, போவதற்கும் அதுதான் வழி. சபையின் ஆதரவு போனால் பதவி போய்விடும். 1979 மார்ச் 28 அன்று கலஹன் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311-க்கு 310 என்று ஒரே ஒரு ஓட்டில் தோற்று, தேர்தலுக்குப் போக வேண்டியதாயிற்று. சொந்தக் கட்சியின் ஆதரவு போனாலும் அதே கதிதான். 1990-இல் கட்சித் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் தாட்சர் 204, ஹெசல்டைன் 152. ஜெயித்தது தாட்சர்தான். ஆனால் விதிப்படி வேண்டிய வித்தியாசத்துக்கு நான்கு ஓட்டுக் குறைந்தது. இரண்டே நாளில் அவர் விலகலை அறிவித்தார். மூன்று பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தவர், கட்சித் தலைவராக ஒரு பொதுத்தேர்தலிலும் தோற்காதவர்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. சபையில் தெரிந்தே பொய் சொன்ன அமைச்சர் பதவி விலக வேண்டும் என்பது மரபு. ஹேக்கரின் கடைசிப் பகுதி இதைப் பற்றியது. ஓர் எம்.பி.யின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படவில்லை என்று அவர் சபையில் சொல்லிவிடுகிறார். ஒட்டுக்கேட்டது உண்மை, அதை அவருக்கு ஹம்ஃப்ரி சொல்லவே இல்லை. ஹம்ஃப்ரியை உரிமைக் குழு விசாரணைக்கு அழைக்கிறது. அங்கே அவர் உண்மையைச் சொன்னால் ஹேக்கர் காலி. ஆனால் ஹம்ஃப்ரி ஒரு வானொலிப் பேட்டி முடிந்தபின், ஒலிப்பதிவு ஓடுவது தெரியாமல் வேலையில்லாதவர்களைப் பற்றி ஏதோ சொல்லிவைத்திருக்கிறார். அந்த நாடா ஹேக்கர் கைக்கு வருகிறது. முதல் பகுதியில் கணினித் திரை ஆணையைக் கண்ணில் காட்டி ஹம்ஃப்ரி செய்ததை, கடைசிப் பகுதியில் ஒரு நாடாவை வைத்துக்கொண்டு ஹேக்கர் செய்கிறார். கற்பனையில் தப்பித்தார். நிஜத்தில் அதே உரிமைக் குழு 2023 ஜூனில், போரிஸ் ஜான்சன் சபையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கையின் முடிவு முன்கூட்டியே அவருக்குத் தெரிய வந்ததும், எம்.பி. பதவியையும் விட்டு அவர் போய்விட்டார்.

ஹேக்கர் எப்படிப் போனார் என்பதைத் தொடர் காட்டவில்லை. 1988 ஜனவரியில் கடைசிப் பகுதி முடியும்போதும் அவர் பிரதமர்தான். தொடரை ஹேக்கரின் நாட்குறிப்பு வடிவில் மாற்றி எழுதிய நூல்களில், பிற்காலத்தில் அவர் பிரபுக்கள் சபைக்குப் போனதாக வருகிறது. முன்னாள் பிரதமர்கள் பலருக்கும் வாய்க்கும் இடம் அது. 1983-இல் வில்சன், 1987-இல் கலஹன், 1992-இல் தாட்சர் அங்கே போனார்கள். 2023 நவம்பரில் டேவிட் கேமரனைப் பிரபுவாக்கி வெளியுறவு அமைச்சராகவே கூப்பிட்டுக்கொண்டார் சுனக்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல் பகுதியில் தொடங்குங்கள், அங்கிருந்து நேராக 1984 சிறப்புப் பகுதிக்குத் தாவினாலும் கதை புரியும். அடுத்து அந்தச் சாவிப் பகுதி. அதில் ஹம்ஃப்ரி பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும்போது, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஹேக்கரின் முகத்தைக் கவனியுங்கள். தொலைபேசிக்குப் பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்த அதே ஆள்தான்.